தண்டனை விழுந்தாச்சு, அப்பீலும் போறோம்: பெயில் கேக்கறதா, உள்ள இருந்தே அப்பீலை நடத்தறதா?

தென்னாப்பிரிக்கா டர்பன்ல ஒரு லாயர் ஆபீஸ்ல கிளார்க் வேலை எனக்கு. அப்பீல் பேப்பர் டைப் பண்றது, கோர்ட்ல ஃபைல் பண்றது, வெஸ்ட்வில் ஜெயிலுக்குப் போயி கையெழுத்து வாங்கிட்டு வர்றது எல்லாம் நான்தான். நான் லாயர் இல்ல, அதனால இங்க எழுதறதைப் படிச்சிட்டு உங்க லாயரைக் கேக்காம எதுவும் செஞ்சுடாதீங்க. ஆனா யாருக்காவது தண்டனை விழுந்த அன்னைக்கு சாயங்காலம் சாட்ஸ்வர்த்ல இருந்தோ ஃபீனிக்ஸ்ல இருந்தோ தொங்காட்ல இருந்தோ ஒரு ஃபோன் கண்டிப்பா வரும், வீட்ல இருக்கற ஆயாவோ அண்ணியோ பேசுவாங்க, கேள்வி எப்பவும் ஒண்ணுதான்: "தம்பி, அப்பீல் போறோம்ல, அப்ப பெயில்ல வெளிய எடுத்துரலாம்ல? புரட்டாசிக்குள்ள வந்துருவானா?"

கேட்டுப் பாக்கலாம். ஆனா கேக்கணுமா, எப்ப கேக்கணும், யார்கிட்ட கேக்கணும்ங்கறதை யாரும் ஆற அமர உக்காந்து யோசிக்கறதில்ல, அழுகையும் அவசரமுமா இருக்கற நேரத்துல யோசிக்கவும் வராது. அதனாலதான் இதை முன்னாடியே எழுதி வைக்கிறேன். என் அபிப்ராயத்தை மொதல்லயே சொல்லிடறேன்: அப்பீல் பெயில்ல வெளிய இருக்கற நாள் ஒண்ணு கூட தண்டனைல கழியாது. இதை மனசுல வச்சுக்கிட்டு, தண்டனை எவ்வளவு நீளம், அப்பீல் எவ்வளவு நாள் இழுக்கும், அப்பீல்ல உண்மையிலயே விஷயம் இருக்கா, இந்த மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துட்டுத்தான் முடிவு எடுக்கணும்.

கேஸ் நடக்கறப்ப சுலபமா பெயில் கெடச்சுச்சே, ஒரு தேதி தவறாம கோர்ட்டுக்கு வந்தானே, இப்ப மட்டும் என்னங்கறது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். அப்ப அவர் நிரபராதின்னு வச்சுத்தான் சட்டம் பேசுச்சு, குற்றவாளின்னு தீர்ப்பு வந்ததும் அது போயிடுச்சு. அப்பீல் போற உரிமை அரசியல் சட்டம் 35-வது பிரிவுலயே இருக்கு, ஆனா அப்பீல் முடியற வரைக்கும் வெளிய இருக்கற உரிமைன்னு ஒண்ணு கெடையாது. 1977-ஆம் வருஷத்து கிரிமினல் ப்ரொசீஜர் சட்டத்துல 307-வது பிரிவு இருக்கு, மாஜிஸ்ட்ரேட் கோர்ட் தண்டனைக்கு அதுதான். அப்பீல் போட்டதால மட்டும் தண்டனை நிக்காது, கோர்ட் பெயில் குடுத்தாத்தான் நிக்கும்னு சொல்லுது. ஹைகோர்ட்லயே விசாரிச்சு விழுந்த தண்டனைக்கு 321-வது பிரிவு, சாரம் ஒண்ணுதான். பழைய பெயில் தீர்ப்போட முடிஞ்சிடும், தண்டனை சொல்ற நாள் வரைக்கும் கோர்ட் விரும்பினா நீட்டலாம். பெரிய குற்றமா இருந்தா தீர்ப்பு சொன்ன அன்னைக்கே கீழ செல்லுக்குக் கூட்டிட்டுப் போயிடறது சகஜம்.

அபராதம் மட்டும் போட்டிருந்தாலோ, மொத்த தண்டனையும் சஸ்பெண்ட் பண்ணி, உள்ள போக வேண்டாம்னு நிறுத்தி வச்சிருந்தாலோ இந்தக் கவலையே இல்ல, வெளிய இருந்தே அப்பீலைப் பாத்துக்கலாம். கஷ்டமெல்லாம் நேரடி ஜெயில் தண்டனைக்குத்தான்.

இப்ப கணக்குக்கு வருவோம், இதுலதான் நெறைய குடும்பம் ஏமாந்து போகுது. ஜெயில் தண்டனைன்னு சொல்றதுலயே வகை இருக்கு. தண்டனை பேப்பர்ல 276(1)(i)-ன்னு அதே சட்டத்துப் பிரிவு நம்பர் இருக்கான்னு மொதல்ல பாருங்க. அப்படின்னா அதிகபட்சம் 5 வருஷம்தான் போட முடியும், அதுல ஆறுல ஒரு பங்கு உள்ள இருந்ததுக்கு அப்புறம் ஜெயில் டிபார்ட்மெண்டே அவரை வீட்டுக்காவல் மாதிரியான கண்காணிப்புக்கு மாத்தி அனுப்பலாம். 3 வருஷம்னா 6 மாசம். 5 வருஷம்னா 10 மாசம். தானா நடக்காது, அவங்க பரிசீலனை பண்ணணும், ஆனா ஒழுங்கா இருக்கறவருக்குப் பெரும்பாலும் நடக்குது. அந்த நம்பர் இல்லாத சாதாரண தண்டனை, அதுவும் ரெண்டு வருஷத்துக்கு மேலன்னா, பாதி முடியணும், அதுக்கப்புறம்தான் பரோல் போர்டு ஃபைலைத் தொடும். இவ்வளவு காலம் வரைக்கும் பரோல் கெடையாதுன்னு கோர்ட்டே குறிச்சிருந்தா அது வேற.

இதோட அப்பீல் எடுத்துக்கற காலத்தை வச்சுப் பாருங்க. விசாரணை முழுக்க ரெக்கார்டிங்ல இருந்து டைப் ஆகி வரணும். அந்தக் கட்டு வந்ததும் பிரிச்சுப் பாத்தா முக்கியமான சாட்சி குறுக்கு விசாரணை நடக்கற பக்கத்துல வரிக்கு வரி "சரியா கேக்கலை"ன்னு போட்டிருக்கும், சில நேரம் ஒரு முழு நாள் டேப்பே இருக்காது. அப்புறம் மாஜிஸ்ட்ரேட் எழுதி வச்ச நோட்டு, ப்ராசிக்யூட்டர் நோட்டு, நம்ம லாயர் நோட்டு எல்லாத்தையும் சேத்து வச்சு அந்தப் பகுதியைத் திரும்ப எழுதி எல்லாரும் ஒத்துக்கணும், அதுக்கே மாசக்கணக்குல ஆகும். அதுக்கப்புறம்தான் ஹைகோர்ட்ல தேதி, எங்களுக்கு மாரிட்ஸ்பர்க்ல. ஆறு மாசத்துல முடிஞ்ச அப்பீலை நான் பாத்தது அபூர்வம்.

அப்ப 276(1)(i)-ல 3 வருஷம் வாங்கினவர் பெயில்ல வெளிய வந்து, ஒண்ணரை ரெண்டு வருஷம் கழிச்சு அப்பீல் தோத்தா, அன்னைக்குத்தான் அந்த 6 மாசம் ஆரம்பிக்குது. உள்ள போயிருந்தார்னா அதை முடிச்சிட்டு வீட்டுக்கு வந்திருப்பார், அப்பீலும் பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கும். ஆனா இதே கணக்கை மறுபக்கத்துல இருந்தும் பாக்கணும். அவர் மேல இருக்கற தீர்ப்பே தப்புன்னு சொல்ல கனமான காரணம் இருந்தா, கோர்ட் அப்பீலைக் கேக்கறதுக்குள்ள உள்ள இருக்க வேண்டிய காலமே முடிஞ்சு போயிடும், அப்புறம் ஜெயிச்சு என்ன, அந்த 6 மாசத்தை யாரும் திருப்பித் தர மாட்டாங்க, அதுக்குன்னு தானா வர்ற நஷ்டஈடும் இல்ல. தண்டனை சின்னது, அப்பீல் நீளம், அதனால அப்பீலே வீணாயிடும்ங்கறது கோர்ட்ல எடுபடற வாதம்தான். அதனால நான் இப்படிப் பிரிச்சுப் பாப்பேன்: சின்ன தண்டனை, தீர்ப்பு மேலயே கனமான அப்பீல்னா பெயிலுக்கு உயிரைக் குடுத்துப் போராடலாம். சின்ன தண்டனை, "தப்பு நடந்தது நடந்துச்சு, தண்டனையைக் கொஞ்சம் கொறைங்க"ங்கற அப்பீல்னா உள்ள இருந்து முடிச்சிட்டு வர்றதுதான் குடும்பத்துக்கு நல்லது, கேக்க கஷ்டமா இருந்தாலும்.

பெரிய தண்டனைல கணக்கு வேற. 15 வருஷம்னா பாதி ஏழரை வருஷம். அப்பீலுக்கு ரெண்டு வருஷம் ஆச்சுன்னு வச்சுக்குவோம். உள்ள இருந்தா அந்த ரெண்டு வருஷம் ஏழரைல கழிஞ்சிருக்கும். வெளிய இருந்து தோத்தா ஏழரையும் முழுசா பாக்கி. டர்பன்காரங்களுக்கு பிசினஸ்காரர் ஷபீர் ஷேக்கோட ஊழல் கேஸ் மறந்திருக்காது, 2005 ஜூன்ல இங்க நம்ம ஹைகோர்ட்ல 15 வருஷம் விழுந்துச்சு, அப்பீல் பெயில்ல வெளியவே இருந்தார், 2006 நவம்பர்ல ப்ளூம்ஃபொன்டெய்ன்ல இருக்கற சுப்ரீம் கோர்ட் ஆஃப் அப்பீல் அவர் அப்பீலைத் தள்ளிச்சு, அந்த மாசமே ஜெயிலுக்குப் போனார். அந்த 15 வருஷம் ஓட ஆரம்பிச்சது அப்பத்தான். நடுவுல இருந்த ஒரு வருஷத்துக்கு மேலான காலம் கணக்குல எங்கயும் வரல. அவ்வளவு பெரிய லாயர் பட்டாளம் வச்சிருந்தவருக்கே அதான் நெலமைன்னா நமக்குச் சொல்லவே வேண்டாம்.

அதுக்காகப் பெரிய தண்டனைக்குப் பெயிலே வேண்டாம்னு சொல்லல. வெளிய இருக்கற ரெண்டு வருஷத்துல வீட்டு பாண்ட் (வீட்டுக் கடன்) கட்டி முடிக்கலாம், புள்ளைக்கு மெட்ரிக் முடியும், வயசான அம்மா அப்பாவைப் பாத்துக்கலாம், கடையை அண்ணன் தம்பி கையில ஒழுங்கா ஒப்படைக்கலாம். இதுக்கெல்லாம் ஒரு மதிப்பு இருக்கு. ஆனா அந்த மதிப்பு தெரிஞ்சு எடுக்கணும், "வெளிய வந்துட்டான், இனி எல்லாம் சரியாயிடும்"னு எடுக்கக் கூடாது. அப்பீல் பெயில்ல வந்தவர் ஒரு வருஷம் கழிச்சு கேஸையே மறந்துட்டு புது வேலை, புதுக் கொழந்தைன்னு ஆகி, அப்புறம் ஒரு நாள் அப்பீல் டிஸ்மிஸ்னு சேதி வந்து, அந்த வீட்ல நடந்ததைப் பாத்திருக்கேன். மொதத் தடவையை விட ரெண்டாவது தடவை அந்த அம்மாவுக்குத் தாங்கல.

சரி, கேட்டா கெடைக்குமா? மசோவாங்கன்யேங்கற கேஸ்ல (2012-ல ரிப்போர்ட் ஆனது) சுப்ரீம் கோர்ட் ஆஃப் அப்பீல் தெளிவா சொல்லியிருக்கு: குற்றம் எவ்வளவு பெருசு, ஆள் ஓடிடுவாரா, தீர்ப்பு மாற நெஜமான வாய்ப்பு இருக்கா, ஜெயில் இல்லாத தண்டனையா மாற நெஜமான வாய்ப்பு இருக்கா. இந்த நாலுதான் முக்கியம். அப்பீல் போக மொதல்ல தண்டனை குடுத்த கோர்ட்கிட்டயே அனுமதி வாங்கணும்; அந்த அனுமதி கெடச்சதே போதும், அதை வச்சே பெயில் தாங்கன்னு கேக்க முடியாதுன்னும் அதே கேஸ்ல இருக்கு. நம்ம ஜனங்க அனுமதி கெடச்சதும் சாமி கும்பிட்டுட்டு நாளைக்கு வந்துருவான்னு சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்லிடறாங்க, கொஞ்சம் பொறுங்க.

குற்றம் எந்த ஷெட்யூல்ல (குற்றங்களைக் கனத்தைப் பாத்துப் பிரிச்சு வச்சிருக்கற சட்டப் பட்டியல்) வருதுங்கறதும் பெரிய விஷயம். மோசடித் தொகை 500,000 ராண்டுக்கு மேலன்னா அது ஷெட்யூல் 5, பெயில் குடுக்கறது நியாயத்துக்கு ஏத்ததுன்னு நாமதான் நிரூபிக்கணும். அதே தொகைக்குத்தான் 1997-ஆம் வருஷத்து சட்டப்படி மொதத் தடவை மாட்டறவருக்கே குறைஞ்சபட்சம் 15 வருஷம், வலுவான காரணம் காட்டினாத்தான் கொறைப்பாங்க. துப்பாக்கி வச்சு நடந்த கொள்ளை, திட்டம் போட்ட கொலை மாதிரி ஷெட்யூல் 6-னா சாதாரணமா இல்லாத விசேஷ சூழ்நிலை இருக்குன்னு காட்டணும். இந்தச் சுமை அப்பீல் பெயிலுக்கும் பொருந்தும்னு 2003-லயே ப்ரைன்கீஸ் கேஸ்ல முடிவாயிடுச்சு, தீர்ப்பு வந்துட்டதால சுமை கூடத்தான் செய்யுமே தவிர கொறையாது. ஷுகர், பிரஷர், மூணு புள்ளைங்க, கடை மூடிடும்னு சொல்றதெல்லாம் தனியா நிக்காது, அப்பீல் காரணம் பலமா இருந்தா அதோட சேந்து நிக்கும்.

பலமான காரணம்னா என்ன? "மாஜிஸ்ட்ரேட் எங்களை நம்பல"ங்கறது காரணம் இல்ல. சாட்சியை நேர்ல பாத்தது அவர்தான், அவர் யாரை நம்பினார்ங்கறதுல மேல்கோர்ட் லேசுல கை வைக்காது, 1948 த்லூமாயோ கேஸ்ல இருந்து அதான் வழக்கம். ஒரே ஒரு சாட்சியை வச்சு தீர்ப்பு குடுத்திருக்கார், அந்த சாட்சி போலீஸ்ல சொன்னதும் கோர்ட்ல சொன்னதும் ஒத்து வரல, அதை தீர்ப்புல தொடவே இல்ல - இது காரணம். நம்ம ஆள் சொன்னது உண்மையா இருக்க ஓரளவு வாய்ப்பு இருந்தாலே விட்டுடணும்ங்கறது சட்டம், அதை விட்டுட்டு அரசு தரப்பு கதை நல்லா இருக்குன்னு அதை மட்டும் எடுத்துக்கிட்டார்னா, அதுவும் காரணம். இதை ரெண்டு பக்கத்துல உங்க லாயரால எழுத முடியலைன்னா பெயிலுக்குச் செலவு பண்றதுக்கு முன்னாடி நல்லா யோசிங்க.

பெயில் கெடச்சா அப்பீலும் ஜெயிச்ச மாதிரின்னு நெனைக்கறவங்களுக்கு ரோடே கேஸைச் சொல்வேன். பொண்டாட்டியைக் கொன்னதா 2018-ல தீர்ப்பு, 2019-ல 20 வருஷம் தண்டனை, அதே வருஷ கடைசில அப்பீல் பெயில் குடுத்தது ப்ளூம்ஃபொன்டெய்ன் கோர்ட்தான். 2021-ல அதே கோர்ட்தான் தீர்ப்பு சரின்னு சொல்லி, தண்டனையை மட்டும் 15 ஆக்கி உள்ள அனுப்புச்சு.

அடுத்தது எங்க, எப்ப கேக்கறதுங்கறது. தண்டனை சொன்ன கையோட அதே மாஜிஸ்ட்ரேட்கிட்ட அப்பீல் அனுமதியும் பெயிலும் சேத்துக் கேக்கறது ஒரு வழி. அனுமதிக்கு 14 நாள் டைம் இருக்கு, அதனால கொஞ்சம் பொறுத்து, பேப்பரை நல்லா தயார் பண்ணிட்டு வந்து கேக்கறது இன்னொரு வழி. குற்றவாளின்னு சொன்னவர்கிட்டயே போயி கேக்கறதான்னு வீட்டாளுங்க முகத்தைச் சுளிப்பாங்க, ஆனா அவர் தன் தீர்ப்பு தப்புன்னு ஒத்துக்க வேண்டியதில்ல, வேற கோர்ட் வேற மாதிரி நெனைக்க நியாயமான வாய்ப்பு இருக்கான்னுதான் பாக்கணும், நல்ல மாஜிஸ்ட்ரேட்டுங்க அதை நேர்மையா செய்யறதை நான் பாத்திருக்கேன். கேஸ் முழுக்க பெயில்ல ஒழுங்கா வந்துட்டுப் போனவர், குற்றம் பெரிய ஷெட்யூல் இல்லன்னா அன்னைக்கே கேளுங்க. பழைய பெயிலை அதே தொகைலயோ கொஞ்சம் கூட்டியோ அப்படியே நீட்ட அவருக்கு அதிகாரம் இருக்கு, ஒரு ராத்திரி கூட உள்ள போகாம வரலாம். ஷெட்யூல் 5, 6-னா அவசரமா கேட்டு மறுப்பு வாங்கிக்காதீங்க, பத்து நாள் உள்ள இருந்தாலும் பரவால்ல, சரியா தயார் பண்ணிட்டுக் கேளுங்க. அரைகுறையா கேட்டு வாங்கின மறுப்பு கூடவே வரும்.

மாஜிஸ்ட்ரேட் அனுமதியே குடுக்கலன்னா 21 நாளுக்குள்ள ஹைகோர்ட்டுக்குப் பெட்டிஷன் போடணும். அதை ரெண்டு ஜட்ஜ் சேம்பர்ல பேப்பரைப் படிச்சே முடிவு பண்ணுவாங்க, பெரும்பாலும் நேர்ல வாதம் இருக்காது. அந்தப் பெட்டிஷன் முடியற வரைக்கும்னு சொல்லியும் பெயில் கேக்கலாம். ரீஜனல் கோர்ட்ல (மாஜிஸ்ட்ரேட் கோர்ட்லயே பெரிய கேஸ் நடக்கற இடம்) ஆயுள் தண்டனை வாங்கினவருக்கு அனுமதியே தேவையில்ல, நேரா அப்பீல் போகலாம்.

பெயில் மறுத்தா? இங்க ரெண்டு வழி இருக்கு, ரெண்டுலயும் பணம் போகும், ஒண்ணைத்தான் பலரால தாங்க முடியும். அதே கிரிமினல் ப்ரொசீஜர் சட்டம் 65-வது பிரிவுல, பெயில் மறுத்ததை மட்டும் எதிர்த்து ஹைகோர்ட்டுக்குப் பெயில் அப்பீல் போகலாம், ஒரு ஜட்ஜ் கேப்பார், மத்த அப்பீலை விட வேகமா தேதி கெடைக்கும். ஆனா மாஜிஸ்ட்ரேட் முடிவு தப்புன்னு ஜட்ஜுக்குத் திருப்தி ஆனாத்தான் மாத்துவார், நான் இருந்தா வேற மாதிரி செஞ்சிருப்பேன்ங்கற அளவுக்கு இருந்தா பத்தாது. புதுசா எதையும் அங்க நேரா சொல்லவும் முடியாது, புது விஷயம் இருந்தா மொதல்ல மாஜிஸ்ட்ரேட்கிட்ட வைக்கணும். இன்னொரு வழி, பெயிலை இப்போதைக்கு விட்டுட்டு இருக்கற பணத்தையும் தெம்பையும் பெட்டிஷன்ல போடறது, ரெண்டு ஜட்ஜ் அனுமதி குடுத்தாங்கன்னா அதையே புது விஷயமா வச்சு மாஜிஸ்ட்ரேட்கிட்ட திரும்ப வந்து பெயில் கேக்கறது. அனுமதி மட்டும் போதாதுன்னு மேல சொன்னேன், ஆனாலும் ரெண்டு ஹைகோர்ட் ஜட்ஜ் படிச்சிட்டு இதுல விஷயம் இருக்குன்னு சொன்னதுக்கு எடை உண்டு. தண்டனை சின்னதுன்னா மொத வழி, ஏன்னா காத்திருக்க நேரம் இல்ல. தண்டனை பெருசு, கையில பணம் கொஞ்சம்னா ரெண்டாவது வழின்னு நான் சொல்வேன். பெயில் அப்பீலுக்கே நகையை வித்துட்டு, மெயின் அப்பீலுக்கு ரெக்கார்ட் டைப் பண்ணக் காசில்லாம நின்ன குடும்பம் உண்டு, அந்த நெலமை யாருக்கும் வரக் கூடாது.

அஃபிடவிட் (பிரமாணப் பத்திரம்) போதுமா, கூண்டுல ஏறிப் பேசணுமான்னும் கேப்பாங்க. அஃபிடவிட் போட்டா ப்ராசிக்யூட்டர் குறுக்குக் கேள்வி கேக்க முடியாது, பயந்த ஆளுங்களுக்கு அது வசதி. ஆனா அதே காரணத்துக்காக அதுக்கு எடை கொறைச்சல், பெரிய ஷெட்யூல் கேஸ்ல அஃபிடவிட்டை மட்டும் நம்பிப் போயி தோத்தவங்க நெறைய. வீடு எங்க, வேலை எங்க, பாஸ்போர்ட் எங்கங்கறதை அஃபிடவிட்ல போடுங்க, சர்ச்சை ஆகற விஷயத்துக்கு ஆளே பேசட்டும், மொதலாளியோ கோயில் கமிட்டிக்காரரோ வந்து சொன்னாலும் நல்லது.

லாயர் விஷயத்துல, கேஸ் நடத்தின அதே லாயரா, புது லாயரா? தண்டனை அன்னைக்குப் பெயிலுக்குப் பழையவர்தான் சரி, கேஸ் முழுக்க அவர் தலைல இருக்கு, புதுசா வர்றவர் கையில ரெக்கார்ட் கூட இருக்காது. அப்பீலுக்கு என்னைக் கேட்டா புதுக் கண்ணு நல்லது, அதுவும் பழையவர் செஞ்ச கோளாறே அப்பீல் காரணமா இருந்தா அவரே எழுத மாட்டார், எழுதவும் கூடாது. காசில்லன்னா லீகல் எய்ட் சவுத் ஆஃப்ரிக்கா இருக்கு, வருமானத்தையும் அப்பீல்ல விஷயம் இருக்கான்னும் பாத்துட்டு எடுப்பாங்க. அவங்க லாயருங்க மட்டம்னு ஒரு பேச்சு நம்ம ஜனங்ககிட்ட இருக்கு, அது நியாயமே இல்ல, நாள் முழுக்க கிரிமினல் கேஸே நடத்தறவங்க அவங்க. ஃபைல் நெறைய இருக்கும், நாமதான் தேதியை ஞாபகம் வச்சுக் கேட்டுக்கிட்டே இருக்கணும்.

இந்தியாவுல இருந்தோ இலங்கைல இருந்தோ வேலைக்கு வந்து ஜோஹன்னஸ்பர்க்லயோ இங்கயோ இருக்கறவங்களுக்குத் தனியா ஒரு வார்த்தை. ஓடிடுவாரான்னு பாக்கறப்ப குடும்பம் எங்க, சொத்து எங்க, பாஸ்போர்ட் யார்கிட்ட, போடற பணத்தை இழந்தாலும் கவலைப்படாத ஆளா, இதெல்லாம் கோர்ட் எடை போடும். பொண்டாட்டி புள்ளை ஊர்ல, இங்க வாடகை ரூம்னா ரொம்பக் கஷ்டம். பாஸ்போர்ட்டைக் கோர்ட்ல ஒப்படைக்கறதும் வாராவாரம் போலீஸ் ஸ்டேஷன்ல கையெழுத்துப் போடறதும் நீங்களே முன்வந்து சொல்லணும். விசா நடுவுல முடிஞ்சா பெயில்ல இருந்தும் வேலை பாக்க முடியாது, சாப்பாட்டுக்கே யாரையாவது நம்பி நிக்கணும். உங்க நெலமைல உள்ள இருந்து நாளைக் கழிக்கறது பல நேரம் மோசமான வழி இல்ல.

இன்னொண்ணும் இருக்கு, பெயில் கேக்கற அவசரத்துல இதை யாரும் சொல்ல மாட்டாங்க. அப்பீல் போனா ஹைகோர்ட் தண்டனையைக் கூட்டவும் செய்யலாம், சட்டத்துல அந்த அதிகாரம் இருக்கு. கூட்டறதா இருந்தா முன்னாடியே நோட்டீஸ் குடுக்கணும்னு அரசியல் சட்ட கோர்ட் 2012-ல போகார்ட்ஸ் கேஸ்ல சொல்லியிருக்கு. ஏற்கனவே கொறைச்சலா தண்டனை கெடச்சவர், வெளிய இருக்கணும்ங்கற ஒரே காரணத்துக்காக அப்பீல் போட்டுப் பெயில் கேக்கறது எனக்குச் சரியா படல.

பெயில்ல வந்தவர் அப்பீலைத் தூங்க விடக் கூடாது. இழுக்க இழுக்க நல்லதுன்னு சிலர் ரெக்கார்டைப் பத்தி விசாரிக்காமயே இருப்பாங்க. அப்பீலை நடத்தாம விட்டா அது லாப்ஸ் ஆகி (காலாவதியாகி), பெயில் போயி, ஒரு நாள் வாரண்ட் வீட்டுக்கு வரும். வீடு மாறினா அட்ரஸைச் சொல்லணும், ஏன்னா சரண்டர் ஆகச் சொல்லி எழுத்து மூலமா வர்ற ஆர்டர் அந்த அட்ரஸுக்குத்தான் வரும். ஹைகோர்ட்ல தோத்து ப்ளூம்ஃபொன்டெய்னுக்குப் போறோம்னாலும் பழைய பெயில் தானா தொடராது, திரும்பக் கேட்டு நீட்டணும்.

கடைசியா தண்டனை நாளுக்கு. பெயில் கேக்கறதோ இல்லையோ, தயாரா போங்க. போன வருஷம் வெருலம் கோர்ட்ல ஒருத்தருக்கு தண்டனை சொல்லி முடிச்சதும் பின்னாடி நின்ன போலீஸ்காரர் தோளைத் தொட்டார், அவர் பெல்ட்டு, வாட்ச், கல்யாண மோதிரம் ஒவ்வொண்ணா கழட்டி சம்சாரம் கையில குடுத்தார், கார் சாவி மட்டும் பேண்ட் பாக்கெட்லயே இருந்து அவரோட கீழ போயிடுச்சு, அந்த அக்கா ரெண்டு புள்ளைங்களோட பார்க்கிங்ல சாயங்காலம் வரைக்கும் நின்னாங்க. சாவி, பேங்க் கார்டு, ஃபோன் பின் நம்பர் எல்லாம் உள்ள போறதுக்கு முன்னாடியே கை மாறட்டும். மாத்திரை சாப்பிடறவர்னா டாக்டர் சீட்டோட ஒரு பையில இருக்கட்டும். அட்ரஸுக்கு லைட் பில், வேலை லெட்டர், பாஸ்போர்ட் ஒரு ஃபைல்ல இருக்கட்டும்.

பெயில் பணம் ரொக்கமா தயாரா இருக்கணும், இங்க அமெரிக்கா மாதிரி கமிஷனுக்குப் பணம் கட்டற கம்பெனி கெடையாது. கோர்ட் கேஷியர் மூடறதுக்குள்ள கட்டினா அங்கிருந்தே வீட்டுக்கு வரலாம், விட்டுட்டா வண்டி வெஸ்ட்வில்லுக்குப் போயிடும், அப்புறம் ஜெயில்ல போயி கட்டணும். யார் பேர்ல கட்டறதுங்கறதை முன்னாடியே வீட்ல பேசி முடிச்சிடுங்க. கட்டினவர் பேரோ குற்றம் சாட்டப்பட்டவர் பேரோதான் செல்லும், வேற யாருக்கும் எழுதிக் குடுத்தாலும் திருப்பித் தர மாட்டாங்க. மச்சான் கடன் வாங்கிக் கட்டறார்னா ரசீது மச்சான் பேர்லயே இருக்கட்டும், அப்பீல் முடிஞ்சு, ஜெயிச்சாலும் சரி, தோத்து நேரத்துக்குச் சரண்டர் ஆனாலும் சரி, அந்த ஒரிஜினல் ரசீதைக் காட்டித்தான் பணத்தை வாங்கணும்.